கண் டாக்டர் பார்க்கும் முன்பு இத்தனை டெஸ்ட் எதற்கு? பாதியில் கிளம்பினால் பார்வைக்கே ஆபத்து

தென்காசி,

கண் ஆஸ்பத்திரிக்கு போய் வந்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். சீட்டு வாங்கியதும் டாக்டரை பார்த்து விடலாம் என்று உட்கார்ந்தால், முதலில் ஒருவர் சுவரில் உள்ள எழுத்தை படிக்க சொல்வார். இன்னொருவர் லென்சை மாற்றி மாற்றி போட்டு பார்ப்பார். அடுத்து கண் அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு சொட்டு மருந்து விட்டு, "கண்ணை மூடிட்டு உக்காருங்க ஆச்சி" என்பார்கள். இதற்குள் அரை நாள் ஓடி விடும்.

"டாக்டரை பாக்க வந்தா எத்தனை பேருதான் பாப்பீக? எனக்கு பஸ்சுக்கு நேரமாச்சு" என்று சலித்துக்கொண்டு, சொட்டு மருந்து விடும் முன்பே கிளம்பி விடுபவர்கள் உண்டு. "கடையிலேயே கம்ப்யூட்டர்ல பாத்து கண்ணாடி போட்டாச்சு, பெறகு என்ன?" என்று ஆஸ்பத்திரி பக்கமே போகாதவர்களும் உண்டு.

இந்த 2 வகையினரும் தங்கள் பார்வையோடு விளையாடுகிறார்கள். டாக்டர் பார்க்கும் முன்பு நடக்கும் அந்த டெஸ்டுகளில்தான் பாதி நோய் பிடிபடுகிறது.

கம்ப்யூட்டர் சொல்வது நம்பரை மட்டும்தான்

கண்ணாடி கடையில் உள்ள எந்திரம் கண்ணின் பவரை தோராயமாக கணக்கிட்டு சொல்லும். அதை வைத்து லென்சு மாட்டி சரி பார்த்து கண்ணாடி கொடுப்பார்கள். அந்த வேலைக்கு அது போதும். ஆனால் கண்ணுக்குள் இருக்கும் நரம்பு கெட்டிருக்கிறதா, விழித்திரையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்பதை எல்லாம் அது சொல்லாது.

சிறு பிள்ளைகளுக்கு அந்த நம்பரே தப்பாக வரலாம். எந்திரத்தை உற்றுப்பார்க்கும்போது பிள்ளைகளின் கண் தானாகவே இறுகிக்கொள்ளும். அதனால்தான் அவர்களுக்கு சொட்டு மருந்து விட்டு, அந்த இறுக்கத்தை தளர்த்திய பிறகு பவர் பார்க்கிறார்கள்.

சத்தமே இல்லாமல் வரும் நோய்

முழு பரிசோதனை ஏன் அவசியம் என்பதற்கு பெரிய உதாரணம் கண் அழுத்த நோய். டாக்டர்கள் இதை 'குளுக்கோமா' என்பார்கள். கண்ணில் இருந்து மூளைக்கு செல்லும் நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக பட்டுப்போவதுதான் இந்த நோய். இதன் பெரும்பாலான வகைகளில் வலி இருக்காது, கண் சிவக்காது. முதலில் ஓரப்பார்வைதான் குறையும். நேர் பார்வை நன்றாக இருப்பதால் எழுத்து எல்லாம் தெளிவாக தெரியும். நோயாளிக்கு சந்தேகமே வராது. நடக்கும்போது பக்கத்தில் வருவது தெரியாமல் இடித்துக்கொள்ளும் நிலை வரும்போது பெரும்பகுதி நரம்பு போயிருக்கும்.

போன பார்வையை ஆபரேஷன் செய்தாலும் திருப்ப முடியாது. இருக்கிற பார்வையை காப்பாற்றத்தான் மருந்து.

தமிழகத்தின் 3 தென்மாவட்டங்களில் உள்ள கிராமங்களில், 40 வயதை கடந்த 5 ஆயிரத்து 150 பேரின் கண்களை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி குழுவினர் முழுமையாக பரிசோதித்தனர். அதன் முடிவு 2003-ம் ஆண்டு வெளியானது. 100-க்கு 2 அல்லது 3 பேருக்கு கண் அழுத்த நோய் இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த நோய் இருப்பதே அதுவரை தெரியாது. 5-ல் ஒருவருக்கு ஒரு கண்ணிலாவது அந்த நோயால் பார்வை பறிபோயிருந்தது.

இன்னொரு விஷயம். கண் அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. எனவே அழுத்தம் மட்டும் பார்த்துவிட்டு "நார்மல்" என்று வீட்டுக்கு போக முடியாது. நரம்பையும் டாக்டர் பார்த்தாக வேண்டும். பாப்பா விரிந்தால்தான் உள்ளே நரம்பும் விழித்திரையும் நன்றாக தெரியும். அந்த சொட்டு மருந்து இதற்குத்தான்.

வரிசை மாறக்கூடாது

இந்த டெஸ்டுகள் நடக்கும் வரிசைக்கும் காரணம் இருக்கிறது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்கு கிட்டத்தில் உள்ள எழுத்து மங்கும். எனவே பார்வையை அதற்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு கண்ணின் முன்பகுதி குறுகலாக இருக்கும். அவர்களுக்கு யோசிக்காமல் பாப்பாவை விரித்தால் அழுத்தம் திடீரென்று எகிறி, கடும் வலி வந்துவிடும். அதனால்தான் அழுத்தத்தையும் முன்பகுதியையும் முதலில் பார்க்கிறார்கள். யாரோ பழைய சொட்டு மருந்தை வீட்டில் வைத்திருந்து, "போட்டுட்டு வந்துட்டேன், சீக்கிரம் பாருங்க" என்று வருவது இதனால் ஆபத்து.

எழுத்து படிக்க வைப்பது முதல் ஆபரேஷன் வரை ஒரே டாக்டர் செய்தால் நாளைக்கு சில பேரைத்தான் பார்க்க முடியும். எட்டயபுரம் அருகே உள்ள வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் கோ.வெங்கடசாமி, 1976-ம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் ஆஸ்பத்திரியை தொடங்கினார். கிராமத்து பெண்களுக்கு பயிற்சி கொடுத்து முதல் கட்ட பரிசோதனைகளை அவர்களிடம் விட்டதும், டாக்டர்களின் நேரம் ஆபரேஷனுக்கு மிச்சமானதும் அங்கே நடந்தது. டாக்டர் கையில் போகும் சீட்டில் இவர்கள் எழுதிய விவரம் இல்லாவிட்டால், அவர் முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்.

சர்க்கரை ஏறினால் பவரும் மாறும்

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கண்ணுக்குள் இருக்கும் லென்சும் உப்பி விடும். பார்வை மங்கும், பவர் மாறும். அந்த நேரத்தில் கடைக்கு போய் கண்ணாடி வாங்கினால், மாத்திரை போட்டு சர்க்கரை இறங்கியதும் அந்த கண்ணாடி சேராது. காசு வீண்.

அதைவிட முக்கியம், சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக்கசிவு தொடங்கினாலும் ஆரம்பத்தில் பார்வை நன்றாகவே இருக்கும். சர்க்கரை இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையை பார்த்துக்கொள்ள வேண்டும். 2021-ம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரை வீடு தேடி வந்தாலும், கண்ணை காட்ட நாம்தான் போக வேண்டும்.

வயதானவர்கள் சிலர், "இப்பதான் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கேன்" என்று பெருமையாக சொல்வார்கள். கண் புரை முற்றத்தொடங்கும்போது கிட்டப்பார்வை இப்படி கொஞ்ச நாள் தெளிவது உண்டு. அதுவும் டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிதான்.

பீடி சுற்றும் பெண்கள் கவனத்துக்கு

40 வயதானால் கிட்டத்தில் உள்ளது மங்குவது எல்லோருக்கும் வரும். ஊர் வழக்கில் இதை வெள்ளெழுத்து என்பார்கள். தென்காசி சுற்று வட்டாரத்தில் இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டி பீடி சுற்றும் பெண்களுக்கு இது நேரடியாக கூலியில் கை வைக்கும். அசாம் தேயிலை தோட்டங்களில் 40 வயதை தாண்டிய தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-ம் ஆண்டு வெளியானது. கிட்டப்பார்வை கண்ணாடி கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களை விட சுமார் 5-ல் ஒரு பங்கு கூடுதலாக இலை பறித்தது அதில் தெரிய வந்தது.

ஆனால் சந்தையில் கிடைக்கும் கண்ணாடியை மாட்டிப்பார்த்து வாங்கிக்கொண்டு வந்து விட்டால், உள்ளே இருக்கும் நோய் அப்படியே மறைந்து கிடக்கும். வெள்ளெழுத்து கண்ணாடிக்காக போகும் அந்த ஒரு நாளில் அழுத்தத்தையும் நரம்பையும் சேர்த்து பார்த்துவிட்டால் 2 வேலையும் முடிந்தது.

குற்றாலத்தில் கண் சிவந்தால்...

சீசன் நேரத்தில் அருவியில் குளித்துவிட்டு கண் சிவந்து, உறுத்தலோடு வருபவர்கள் நேராக மெடிக்கலுக்கு போய் "கண்ணுக்கு ஒரு மருந்து கொடுங்க" என்று கேட்பது வழக்கம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டதும் சிவப்பு மறைந்து சுகமாக இருக்கும். அதே மருந்தை டாக்டரை கேட்காமல் வாரக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் விழும். கிருமியால் வந்த புண்ணாக இருந்தால் அது இன்னும் மோசமாகும்.

புரை ஆபரேஷன் செய்து சில வாரங்களே ஆனவர்கள், டாக்டர் சரி என்று சொல்லும் வரை அருவியில் தலை கொடுக்க கூடாது. கான்டாக்ட் லென்சு போடுபவர்கள் அதை கழற்றி வைத்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும்.

எங்கே போவது, என்ன கொண்டு போவது?

தென்காசி அரசு தலைமை ஆஸ்பத்திரி, நெல்லை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி ஆகியவற்றில் கண்ணை இலவசமாக காட்டலாம். நெல்லையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1988-ம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது.

போகும்போது பழைய கண்ணாடி, பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள், கண்ணில் விடும் மருந்து, கடைசியாக பார்த்த சர்க்கரை, பிரஷர் விவரம் எல்லாவற்றையும் எடுத்துச்செல்ல வேண்டும். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்தால் கேட்காமலே சொல்லி விட வேண்டும். அது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய்.

துணைக்கு ஒருவரை கூட்டிச்செல்வது நல்லது. சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் கண் கூசும். அன்று பைக் ஓட்டக்கூடாது. கடைசி பஸ்சை நம்பி சாயங்காலம் போகாமல், காலையிலேயே போய் விட வேண்டும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

திடீரென்று பார்வை போனால், கண்ணில் திரை விழுந்தது போல் மறைத்தால், மின்னல் போல் வெளிச்சம் தெரிந்து கரும்புள்ளிகள் மிதந்தால், வாந்தியுடன் கண் வலித்தால் ஒரு நிமிடம்கூட தள்ளிப்போடக்கூடாது. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் அங்கேயே நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லாதவர்களும் 40 வயதுக்கு மேல் 2 வருடத்துக்கு ஒரு முறையாவது கண்ணை முழுமையாக காட்டுவது நல்லது. ஒரு நாள் கூலி போகும் என்பது உண்மைதான். கண் போனால் போவது அத்தனை நாள் கூலியும்.