பிரைட்டனில் ஓர் இந்தியா கேட்

இந்தியா கேட் என்றால் தில்லிவாசிகளாகிய நமக்கு ஒன்றுதான். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரிலும் ஒன்று இருப்பது, மகளைப் பார்க்கப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

கடற்கரையை ஒட்டிய ராயல் பெவிலியன் அரண்மனையின் தெற்கு வாசல் அது. அரண்மனைக்கு வெளியே மொகலாயக் குவிமாடங்கள். உள்ளே சீன அலங்காரம்! பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசருக்காக, 1815 முதல் ஜான் நாஷ் இப்படி மாற்றிக் கட்டினார். அவர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

முதல் உலகப் போரில், 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை, பிரான்சில் காயமடைந்த நம் சிப்பாய்களுக்கு இதுவே மருத்துவமனை. 700க்கு மேற்பட்ட கட்டில்கள். மதம், சாதி பார்த்து ஒன்பது சமையலறைகள். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள். அதற்கு நன்றியாக இந்தியா அளித்ததுதான் அந்த வாசல். 1921இல் பாட்டியாலா மகாராஜா திறந்துவைத்தார்.

பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்து, அஸ்தியைக் கடலில் கரைத்தார்கள். அந்த இடத்தில் வெள்ளைச் சலவைக்கல் 'சத்ரி' 1921இலேயே எழுந்தது. ஆனால் அதில் இறந்தவர்களின் பெயர்கள் இல்லை. 2010இல்தான் பக்கத்தில் ஒரு கல்சுவர் எழுப்பிப் பொறித்தார்கள்.

வண்டி போகாது; மேய்ச்சல் நிலத்தினூடே நடக்க வேண்டும். முழங்கால் வலியோடு ஏறினேன். 53 பெயர்களையும் வாய்விட்டு வாசித்த பிறகே இறங்கினேன்.