பழ ஈ சொல்லும் பாடம்



வாழைப்பழத்தை இரண்டு நாள் மறந்து வைத்துப் பாருங்கள். எங்கிருந்தோ சின்னஞ்சிறு ஈக்கள் வந்து மொய்க்கும். நாம் கையால் விரட்டும் இந்தப் பழ ஈயை விஞ்ஞானிகள் கண்ணாடிக் குப்பியில் தீனி போட்டு வளர்க்கிறார்கள். ஏன் தெரியுமா?

இதன் ஆயுள் இரண்டு மூன்று மாதந்தான். பிறப்பு, இளமை, மூப்பு, சாவு அனைத்தையும் ஒரு பள்ளித் தவணைக்குள் பார்த்துவிடலாம். மேலும், நம்மைப் போலவே அதன் குடலும் தேயத் தேயத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2012இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஈக்களின் உணவில் நீலச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். குடல் நன்றாக இருந்தால் சாயம் குடலுக்குள்ளேயே நிற்கும். சில ஈக்களுக்கோ உடம்பு முழுவதும் நீலமாயிற்று! குடற்சுவர் ஒழுகிவிட்டது என்று பொருள். அப்படி நீலமான ஈக்கள் சில நாட்களிலேயே மாண்டன. வயது ஏற ஏற இத்தகைய ஈக்கள் பெருகின.

இதில் உணவுக்கு என்ன பங்கு? ஈயின் சத்துணவு, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். பட்டினி போடாமல், அதை அளவோடு குறைத்துக் கொடுத்தபோது குடல் நெடுநாள் உறுதியாக இருந்தது, ஆயுளும் நீண்டது.

சீனியின் கதை இன்னும் வியப்பானது. 2020இல் லண்டன் ஆய்வாளர்கள், அளவுக்கு மீறிச் சீனி தின்ற ஈக்கள் சீக்கிரம் சாவதைக் கண்டனர். உடலில் நீர் வற்றி, கழிவுக் குழாய்களில் கற்கள் சேர்ந்திருந்தன. தனியே தண்ணீரும் வைத்தபோது ஆயுள் குறையவில்லை. 'அப்படியானால் தண்ணீரைக் குடித்துவிட்டு எவ்வளவு சீனியும் தின்னலாமே!' என்று எண்ணிவிடாதீர்கள். தண்ணீர் குடித்த ஈக்களுக்கும் கொழுப்பும் சர்க்கரைக் கோளாறும் நீங்கவில்லை.

ஈ வேறு, மனிதன் வேறுதான். ஆனால், அதே ஆய்வில் மனிதர்களையும் பார்த்தார்கள். அதிகச் சீனி உண்டவர்களின் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்தே வேலை செய்தது.

என் வகுப்புப் பிள்ளைகளின் போத்தல்களைத் திறந்தால், பலவற்றில் சிவப்புக் கலர் தண்ணீர்தான் இருக்கிறது. வேலைக்காட்டில் வெயிலில் நிற்கும் பெற்றோருக்கோ தாகம் தீர்ப்பது இனிப்புத் தேத்தண்ணீர்.

தாய்மார்களே! நாளைக் காலை பிள்ளையின் போத்தலில் வெறுந்தண்ணீரை ஊற்றி அனுப்புங்கள். உங்கள் தேத்தண்ணீரிலும் ஒரு கரண்டிச் சீனியைக் குறையுங்கள். ஈ படித்துக் காட்டிய பாடத்தை நாம் படிக்கக் கூடாதா?