எத்தனை கைகள் இருக்கின்றன?

2020 ஏப்ரல் 11, ஈஸ்டருக்கு முதல் நாள். மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில், டோர்வலில் இருந்த ஹெரோன் முதியோர் இல்லத்தில் மார்ச் 13க்குப் பிறகு 31 பேர் இறந்துவிட்டதாக கியூபெக் முதல்வர் பிரான்சுவா லெகோ அறிவித்தார். கொரோனா பரவத் தொடங்கியதும் ஊழியர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வரவில்லை. மார்ச் இறுதியில் உள்ளே நுழைந்த சுகாதார அதிகாரிகள், தண்ணீர் கொடுக்க ஆளின்றி வாடிக் கிடந்த முதியவர்களையும் மாற்றப்படாத டயப்பர்களையும் கண்டார்கள். மாதம் ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வாங்கிய தனியார் இல்லம் அது.

தாமாக எழவோ உண்ணவோ முடியாதவர்களும் மறதிநோய் முற்றியவர்களும் தங்கும் இத்தகைய இல்லங்களைக் கியூபெக்கில் சி.எச்.எஸ்.எல்.டி. என்பார்கள். நீண்ட நாள் தங்கும் இடங்கள்தான் என்றாலும், அமெரிக்காவின் நீண்டகாலத் தீவிர சிகிச்சை மருத்துவமனைகள் வேறு வகை. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களும் ஆறாத புண்ணோடு இருப்பவர்களும் சராசரியாக 25 நாட்களுக்கு மேல் அங்கே தங்குகிறார்கள்.

இரண்டிலும் தரத்தை அளக்க ஒரு வழி, நோயாளியின் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பார்ப்பது. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே நசுங்கும் தோலுக்கு இரத்தம் போவதில்லை. முதலில் சிவக்கும். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தடுக்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பல நேரம் அதற்கு இரண்டு பேர் தேவை.

சாப்பாடும் அப்படித்தான். விழுங்கச் சிரமப்படுபவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் இறங்கியபின் அடுத்ததைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும்.

ஆகவே, தரம் என்பது பெரும்பாலும் ஆள்பலம். 2020இன் முதல் அலையில் கனடாவின் கொரோனா மரணங்களில் சுமார் 80 விழுக்காடு முதியோர் இல்லங்களில் நிகழ்ந்தவை. பல இல்லங்களுக்கு இராணுவமே உதவிக்கு வந்தது. அந்தக் கோடையில் 10,000 பராமரிப்பு உதவியாளர்களைச் சேர்க்க, சம்பளத்துடன் மூன்று மாதப் பயிற்சியைக் கியூபெக் அரசு அறிவித்தது. 2023இல் வெளியான கனடியத் தரநிலை, இல்லத்தில் இருக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 மணி நேர நேரடிப் பராமரிப்பு வேண்டும் என்கிறது.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்கும் குடும்பங்கள் வரவேற்பறையின் அழகைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இரவுப் பணியில் எத்தனை பேர், ஒரே முகங்கள் தினமும் வருகின்றனவா, கடைசியாகப் புரட்டிப் படுக்கவைத்தது எப்போது என்று கேட்க வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால், கியூபெக்கில் முறைப்பாட்டு ஆணையருக்கு எழுதலாம். அவர் 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.