பழைய காருக்குப் புதிய செலவு: எது வேண்டும்? எது வேண்டாம்?

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றில் பழைய கார் வீட்டு ஆளுக்குச் சமானம். பாட்டனார் வாங்கினார், தகப்பனார் ஓட்டினார், இப்பொழுது பேரன் துடைக்கிறான். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்னும் பெயர்களைத் தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் பகுதிகளில் அறியாதார் இலர். மாவிட்டபுரத் திருவிழாவுக்கும், கீரிமலைத் தீர்த்தத்துக்கும், நடுச்சாமத்தில் ஆசுபத்திரிக்கும் நம்மவரைக் கொண்டு சென்றவை இவையே. கூடார வண்டில் செய்த தொண்டை அதன் பின் ஏற்றுச் செய்தவை இவை என்றால் மிகையாகாது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025இல் அத்தடை நீங்கிய போதிலும், வரியையும் விலையையும் கேட்டவர் பலர் பெருமூச்சு விட்டுத் திரும்பினர். கொட்டிலில் நின்ற பழைய காரின் மேற் கண் விழுவது இயல்பே. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கையில் இருப்பது அளவான பணம். கராச்காரர் ஒன்று சொல்கிறார். கனடாவிலிருந்து மைத்துனர் வேறொன்று எழுதுகிறார். மகனுக்கோ குளிரூட்டியின் மேல் ஆசை. எச்செலவு பயன் தரும், எது வீண் என்று தெரியாமற் கை வைத்தால், சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம் என்ற கதையாய் முடியும்.

மேல்நாடுகளில், படுக்கையும் அடுப்பும் அமைத்துக் காரின் பின்னே இழுத்துச் செல்லும் பயண வண்டிகளைப் பழையனவாக வாங்குவோரும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றனர். வண்டி எதுவாயினும் கணக்கு ஒன்றே.

இவ்வண்டிகளின் இயல்பு

ஒஸ்ரின் ஏ-40 டெவன் 1947இலும், அதன் பின்வந்த சொமசெற் 1952இலும் வெளிவந்தன. 1200 கன சென்ரிமீற்றர் எஞ்சின். வலு ஏறத்தாழ 40 குதிரை. அலெக் இசிகோனிஸ் வகுத்த மொறிஸ் மைனர் 1948இல் வந்தது. எஞ்சினின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்னும் தாழ்ந்த அளவில் இருந்ததே 1990க்குப் பின் நம் மக்களுக்குக் கைகொடுத்தது. எரிபொருள் தடையால் பெற்றோல் கிடைக்காத அந்நாளில், சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினைக் கிளப்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். இன்றைய உயர் அமுக்க எஞ்சின்கள் இதனைத் தாங்கா. ஆயினும் அதற்கொரு விலை இருந்தது. முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் வளையங்களைக் கடந்து கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது; தேய்மானம் மிகுந்தது. ஆதலின் அக்காலத்தில் ஓடிய வண்டியாயின், எதையும் புதிதாகப் பூட்டுமுன் எஞ்சினின் அமுக்கத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும்.

மூன்று கேள்விகள்

எந்தச் செலவுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். ஒன்று: இதனால் உயிருக்குப் பாதுகாப்பு மிகுமா? இரண்டு: இது ஒரு குறையைப் போக்குகிறதா, அன்றி வேறொரு பாகத்தின் மேற் புதிய சுமையை ஏற்றுகிறதா? மூன்று: வேண்டாமென்று கண்டால் பழையபடி மாற்ற முடியுமா? முதற் கேள்விக்கு ‘ஆம்’ என்றால் பணத்தை ஒதுக்குக. இரண்டாவதில் ஐயம் இருந்தால் பொறுத்திருக்க. மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் இருமுறை சிந்திக்க.

முதலில் நிற்க வேண்டும்

ஓடுவதைவிட நிற்பது முக்கியம். டெவனில் முன் சில்லுகளுக்கு மட்டும் எண்ணெய் அழுத்தப் பிறேக்; பின்னவற்றுக்குக் கம்பிகளும் நெம்புகளும். சொமசெற்றில் நான்கு சில்லுகளுக்கும் எண்ணெய் அழுத்தமே. எனினும் எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்த் தொடர். ஓரிடத்தில் ஒழுகினால் மிதியடி தரை மட்டும் இறங்கிவிடும். ஆகவே குழாய்கள், இறப்பர் முத்திரைகள், சிலிண்டர்கள் ஆகியவற்றைப் புதுப்பித்தலே முதற் செலவு. பிறேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்காற்றில் இதனை மறத்தலாகாது. மேலும் பணம் இருந்தால், முன்னும் பின்னும் வெவ்வேறு தொடராய்ப் பிரிக்கும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் மிகப் பயனுள்ளது. டிஸ்க் பிறேக் அதற்கடுத்ததே.

ரயரும் அவ்வாறே. பூ தேயாமல் இருக்கிறதென்று ஏமாறலாகாது. ஓடாமல் நின்றாலும் இறப்பர் முதுமை அடையும். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். ரேடியல் ரயரைப் பழைய வகை ரயருடன் கலந்து பூட்டுவது, அதிலும் முன்னே ரேடியலும் பின்னே பழையதுமாக அமைப்பது, ஆபத்து.

இருக்கைப் பட்டி பூட்டுவது நன்றே. ஆனால் கறள் தின்ற தகட்டில் ஆணி அடித்துப் பயனில்லை. இழுப்பைத் தாங்கத் தடித்த இரும்புத் தகடு வைத்துப் பொருத்த வேண்டும்.

பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

அந்நாளைய ஒஸ்ரினிலும் ஆரம்பகால மைனரிலும் திரும்பும்போது பக்கத் தூணிலிருந்து ஒரு சிறு கை நிமிரும். பார்ப்பதற்கு அழகு, ஆனால் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞனுக்கு அதன் பொருள் தெரியாது. கையை அகற்றாமலே மின்னி மறையும் மஞ்சள் விளக்குகளைச் சேர்த்தல் சிறு செலவிற் பெரும் பயன்.

முன்விளக்கில் ஒரு கணக்கு உண்டு. மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். 55 வாற்று வீதம் இரண்டு விளக்குக்கு 110 வாற்று. 12 வோல்ற்றால் வகுக்க ஏறத்தாழ 9 அம்பியர். பழைய டைனமோ நல்ல வேகத்தில் 20 அம்பியர் அளவில்தான் தரும். வண்டி நின்று உறுமும்போது மிகச் சொற்பமே. துணி சுற்றிய பழைய வயரினூடாக இம்மின்னோட்டம் சென்றால் வயர் சூடேறும். ஆகையால் பிரகாசமான விளக்கு வாங்குமுன், வயரைப் புதுப்பித்து, உருகியும் றிலேயும் வைத்தல் முறை. இவ்வண்டிகள் பெரும்பாலும் நேர்முனையைப் புவித்தொடுப்பாகக் கொண்டவை. இதனை அறியாமல் இன்றைய வானொலியைப் பூட்டினால் அது கருகும்.

தண்ணீரும் கறளும்

நமது நிலம் சுண்ணாம்புக் கல் நிலம். கிணற்று நீரைக் காய்ச்சும் கேத்தலில் வெள்ளைப் படிவு படிவதை வீட்டுப் பெண்கள் அறிவர். அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினுக்குள்ளும் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். றேடியேற்றரைக் கழற்றித் துப்புரவு செய்தபின், வடித்த நீரும் கறள் தடுக்கும் திரவமும் விட்டால், கொதித்து நிற்கும் வியாதி பெரிதும் அகலும். மின்விசிறி பூட்டுமுன் செய்ய வேண்டியது இதுவே.

டெவன், சொமசெற் ஆகியவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. மைனருக்கு உடலே சட்டம். மைனரின் அடித்தகடு கறள் பிடித்தால் முதுகெலும்பு உளுத்தது போலாகும். வெட்டி ஒட்டிச் சீர்செய்த பின்னரே பூச்சு. கறளின் மேற் பூசிய பெயின்ற் புண்ணின் மேற் சாத்திய பட்டு.

பொறுக்கத் தக்கவை

ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் இலங்கையில் நின்றது. ஈயம் அளித்த காப்பின்றி, பழைய வார்ப்பிரும்புத் தலையில் புகை வால்வின் இருக்கை நாளடைவில் தேயலாம். கடினமான இருக்கை வளையம் வைப்பதே பரிகாரம். ஆனால் மெதுவாக, சிறு தூரம் ஓடும் வண்டிக்கு அவசரம் இல்லை. வேறு காரணத்தால் தலையைக் கழற்றும் நாளிற் செய்தால் கூலி மிச்சம். டைனமோவுக்குப் பதில் ஓல்ற்றனேற்றர், மின்னணு எரியூட்டி என்பனவும் இவ்வகையே: நல்லவை, ஆயினும் பிறேக் முடியுமட்டும் காத்திருக்கலாம்.

வேண்டாதவை

பழைய எஞ்சினை எடுத்துவிட்டு இன்றைய வலுமிக்க எஞ்சினைப் பூட்டும் ஆசை பலருக்கு உண்டு. குடாநாடு முழுவதும் சமநிலம். ஏறுவதற்கு மலை இல்லை. 40 குதிரை வலுவே இங்கு தாராளம். வலுவைக் கூட்டினால் பிறேக், ஸ்ரியறிங், அச்சு ஆகியவற்றையும் மாற்ற நேரும். எஞ்சின் இலக்கம் மாறினால் மோட்டார் வாகனத் திணைக்களத்திற் பதிவையும் மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தபின் எஞ்சியிருப்பது பாட்டனாரின் காரா என்பதும் கேள்வியே.

குளிரூட்டியும் அங்ஙனமே. அது எஞ்சினிடமிருந்து சில குதிரை வலுவைப் பறிக்கும். றேடியேற்றரின் முன்னே இன்னொரு சூட்டை வைக்கும். டைனமோவாற் கொடுக்க இயலாத மின்னைக் கேட்கும். இரண்டாவது கேள்வியில் தோற்கும் செலவுக்கு இதனினும் சிறந்த உதாரணம் இல்லை. கண்ணாடியை இறக்கிக் காலை வேளையிற் புறப்படுவது மலிவான குளிரூட்டி.

இறுதியாக இரண்டு சொல். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. இரண்டாகச் செய்தால், குறை தோன்றும்போது எதனால் வந்தது என்று தெரியாது. கழற்றிய பழைய உறுப்பை எறியாது, எண்ணெய் பூசி, பெயர் எழுதிப் பெட்டியில் வைக்க. 1990இல் தெல்லிப்பழையை விட்டுப் பெயர்ந்த குடும்பங்கள் பல, மீண்டு வந்தபோது வீட்டையும் காணவில்லை, காரையும் காணவில்லை. தப்பி நிற்பவை சிலவே. இம்மாத வருமானத்திலிருந்து அதற்கென ஒதுக்கும் முதற் பணம் பிறேக்குக்குப் போகட்டும். மினுக்கம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.