மோட்டார் தானே திசை மாற...

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. இயற்பியல்)

பனியன் நகரமாகிய நம் திருப்பூரில் மின் மோட்டாரின் ஓசை கேட்காத தெரு அரிது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய நாள்முதல் கோவை வட்டாரத்தின் தொழில்கள் மின்சாரத்தை நம்பியே வளர்ந்திருக்கின்றன. பின்னல் இயந்திரம் ஒரே திசையில் சுழன்றால் போதும். ஆனால் வாஷிங் பட்டறைகளில் உள்ள உருளை வடிவச் சலவை இயந்திரமும், துணி உலர்த்தும் இயந்திரமும் அப்படியல்ல. அவை சற்று நேரம் வலமாகவும், பிறகு இடமாகவும் மாறி மாறிச் சுழல வேண்டும். ஒரே திசையில் சுழன்றுகொண்டே இருந்தால் உள்ளே கிடக்கும் பனியன்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பந்தாகிவிடும். பந்தின் மேற்புறம் காய்ந்த பின்னும் உட்புறம் ஈரமாகவே இருக்கும்.

கைப்பிடிச் சுவிட்சு மட்டுமே உள்ள இயந்திரமானால், ஒருவர் அருகிலேயே நின்று அதைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையை ஒரு மின்சுற்றிடம் ஒப்படைப்பது எப்படி என்பதைக் காண்போம்.

திசையை மாற்றுவது எளிது

நிலைக்காந்தம் உள்ள சிறிய நேர்மின்னோட்ட மோட்டாரை எடுத்துக்கொள்வோம். பிளெமிங்கின் இடக்கை விதிப்படி, மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் விசையின் திசையும் மாறும். ஆகவே மின்கலத்திலிருந்து வரும் இரு கம்பிகளையும் இடம் மாற்றிக் கொடுத்தாலே மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். பட்டறைகளில் உள்ள மும்முனை மோட்டாரிலோ, மூன்று கம்பிகளுள் ஏதேனும் இரண்டை இடம் மாற்றினால் சுழல் காந்தப்புலத்தின் திசை மாறிவிடும்.

இவ்வளவு எளிதானால் இதில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சிந்திக்க வேண்டியது திசை மாற்றத்தைப் பற்றியன்று. இரு திசைகளுக்கும் நடுவில் உள்ள ஓய்வைப் பற்றி.

ஓய்வு ஏன் தேவை?

சுழலும் மோட்டார் ஒரு மின்னாக்கியாகவும் செயல்படுகிறது. அதில் தோன்றும் எதிர் மின்னியக்கு விசை, நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. ஓர் எடுத்துக்காட்டு: கொடுக்கும் மின்னழுத்தம் 12 வோல்ட், சுருளின் மின்தடை 2 ஓம், ஓடும்போது எதிர் மின்னியக்கு விசை 10 வோல்ட். அப்படியானால் ஓடும்போது பாயும் மின்னோட்டம் (12 - 10) ÷ 2 = 1 ஆம்பியர். நின்ற நிலையிலிருந்து புறப்படும் கணத்தில் எதிர் விசை இல்லாததால் 12 ÷ 2 = 6 ஆம்பியர்.

இப்போது முழு வேகத்தில் ஓடும் மோட்டாருக்குக் கம்பிகளைச் சட்டென மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதுவரை எதிர்த்து நின்ற 10 வோல்ட், இப்போது கொடுக்கும் 12 வோல்ட்டுடன் சேர்ந்துகொள்கிறது. (12 + 10) ÷ 2 = 11 ஆம்பியர்! ஓடும்போது இருந்ததைப்போல் 11 மடங்கு. சுருள் சூடேறும், தொடுமுனைகள் பொறி பறந்து தேயும், பல்சக்கரமும் பெல்ட்டும் உலுக்கப்படும். எனவே முதலில் நிறுத்த வேண்டும். பிறகே திருப்ப வேண்டும்.

மின்சுற்று

இதற்கு இரண்டு ஐ.சி.க்கள், இரண்டு ரிலேக்கள் போதும். முதலாவது, 1972-இல் விற்பனைக்கு வந்து இன்றும் எளிதாகக் கிடைக்கும் 555 என்னும் காலக்கணிப்பு ஐ.சி. அதனுடன் 10 கிலோ ஓம், 33 கிலோ ஓம் மின்தடைகளையும் 100 மைக்ரோபாரட் மின்தேக்கியையும் இணைத்தால், 0.693 × (10 + 2 × 33) கிலோ ஓம் × 100 மைக்ரோபாரட் என்னும் கணக்குப்படி, ஏறத்தாழ 5 வினாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

அத்துடிப்புகளை எண்ணுவது 4017 என்னும் ஐ.சி. அதற்குப் பத்து வெளியீடுகள் உண்டு. துடிப்புக்கு ஒன்றாக அவை வரிசையில் உயிர் பெறும். முதல் நான்கையும் டயோடுகள் வழியாக ஒரு டிரான்சிஸ்டருக்கும், ஆறு முதல் ஒன்பது வரையுள்ளவற்றை மற்றொரு டிரான்சிஸ்டருக்கும் கொடுக்கிறோம். அவை ஆளுக்கொரு ரிலேயை இயக்கும். ஐந்தாவதையும் பத்தாவதையும் எதனுடனும் இணைப்பதில்லை. அவையே ஓய்வு. ஆகவே 20 வினாடி முன்சுழற்சி, 5 வினாடி ஓய்வு, 20 வினாடி பின்சுழற்சி, 5 வினாடி ஓய்வு என்று சுற்று தொடரும். ரிலே விடுபடும்போது எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காதபடி, ரிலேச் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு இருக்க வேண்டும்.

ரிலேயின் பொதுமுனை, சும்மா இருக்கும்போது ஒரு தொடுமுனையையும், ஈர்க்கப்படும்போது இன்னொன்றையும் தொடும். மோட்டாரின் இரு முனைகளை இரு ரிலேக்களின் பொதுமுனைகளில் இணைத்து, சும்மா தொடும் முனைகளை மின்கலத்தின் எதிர்முனைக்கும், மற்றவற்றை நேர்முனைக்கும் கொடுக்கிறோம். ஓய்வின்போது மோட்டாரின் இரு முனைகளும் எதிர்முனையில் ஒன்று சேர்வதால், மோட்டார் தான் ஆக்கிய மின்சாரத்தாலேயே விரைந்து நின்றுவிடும். தனி பிரேக் தேவையில்லை. தவறி இரு ரிலேக்களும் ஒருங்கே ஈர்க்கப்பட்டாலும், இரு முனைகளும் நேர்முனையில் சேருமேயன்றி ஷார்ட் சர்க்யூட் ஏற்படாது.

பெரிய இயந்திரத்தில்

பட்டறையின் மும்முனை மோட்டாரில் இந்தப் பாதுகாப்பு தானாக வாய்ப்பதில்லை. அங்கு ரிலேக்குப் பதில் முன்சுழற்சிக்கு ஒன்று, பின்சுழற்சிக்கு ஒன்று என இரண்டு கான்டாக்டர்கள் இருக்கும். இரண்டும் ஒருங்கே மூடினால் இரு பேஸ்கள் நேருக்கு நேர் மோதி, பெரும் ஷார்ட் சர்க்யூட் உண்டாகும். அதனால் ஒவ்வொரு கான்டாக்டரின் துணைத் தொடுமுனை வழியாகவே மற்றதன் சுருளுக்கு மின்சாரம் செல்லும்படி அமைப்பார்கள். ஒன்று ஈர்க்கப்பட்டவுடன் மற்றதன் வழி அறுந்துவிடும். இதையே இன்டர்லாக் என்கிறோம். இத்துடன், ஒன்று அழுந்தியிருக்கும்போது மற்றது அசைய முடியாதபடி தடுக்கும் இயந்திரப் பூட்டும் சேர்க்கப்படும்.

ஓய்வில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இனி முக்கியமான ஒன்று. மோட்டாரைக் காக்கும் அந்த ஓய்வே மனிதனுக்கு ஆபத்தாகலாம். கைப்பிடியைத் திருப்புபவர் இருந்தவரை, உருளை நின்றது என்றால் அவர் நிறுத்தினார் என்று பொருள். தானியங்கியிலோ நின்ற உருளை, ஓய்ந்ததாகவும் இருக்கலாம். அடுத்த சில வினாடியில் எதிர்ப்புறம் சுழலக் காத்திருப்பதாகவும் இருக்கலாம். சிக்கிய துணியை எடுக்க உள்ளே கை நீட்டுபவருக்கு வேறுபாடு தெரியாது.

ஆகவே இயந்திரத்தின் கதவில் ஒரு சுவிட்சு கட்டாயம் வேண்டும். அது ஐ.சி.யின் மின்சாரத்தை மட்டும் நிறுத்தினால் போதாது. இரு கான்டாக்டர்களின் சுருள்களுக்கும் செல்லும் பொதுக் கம்பியையே துண்டிக்க வேண்டும். கதவை மூடியவுடன் இயந்திரம் தானே புறப்படவும் கூடாது. ஒருவர் வந்து தொடக்கப் பொத்தானை அழுத்திய பின்னரே சுழல வேண்டும். துணியை வேகமாக அள்ளிப் போடுவதற்காக இந்தச் சுவிட்சைக் கம்பியால் கட்டி வைப்பது, மோட்டாருக்குக் காட்டும் கருணையைக்கூட மனிதக் கைக்குக் காட்டாத செயலாகும்.

இச்சுற்றுக்கான பொருள்கள் அனைத்தும் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 12 வோல்ட் மின்கலத்தில் சிறிய மோட்டாரைக் கொண்டு நம் ஆய்வகத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். செய்பவர்கள், கதவுக்கு ஈடாக ஒரு சிறு சுவிட்சையும் முதலிலேயே சேர்த்துவிட வேண்டுகிறேன்.