மணியார்டர் வந்த வீடு

நெல்லைச் சீமை என்றதும் தாமிரபரணிப் பாசனம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் பம்பாய்க்கு ரயில் ஏறியவர்களில் பலர் அந்தத் தண்ணீர் எட்டாத மானாவாரி பூமியைச் சேர்ந்தவர்கள்.

சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கத்துக் கரிசலில் ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. தை, மாசியில் அறுப்பு. அதற்குப் பிறகு கூலிக்காரனுக்கு என்ன வேலை? மறு மழை வரை கை சும்மாதான். சொந்த நிலம் இல்லாதவன் கடன் வாங்கிச் சாப்பிட்டான். கடன் முற்றியதும் ரயில் ஏறினான். தாராவித் தோல் பட்டறைகளில் நெல்லைத் தமிழர்கள் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நூற்றுக்கு ஐந்து

போனவன் பிழைத்துக் கொண்டான் என்பதை ஊருக்குச் சொன்னவர் தபால்காரர். மணியார்டர் நம் நாட்டில் 1880-ல் தொடங்கியது. பின்னாளில் நூறு ரூபாய் அனுப்ப ஐந்து ரூபாய் கமிஷன். மாதம் 500 அனுப்பியவர் ஆண்டுக்கு 300 ரூபாயைக் கமிஷனாகவே கட்டினார். பாதி மாதச் செலவுக்கு மேல் அது!

ஆனாலும் அந்தத் தாளின் அடியில் நாலு வரி எழுத இடம் இருந்தது. "வட்டிக்கு 60 கொடு. கம்மலை மீட்டு விடு. மழை உண்டா?" இப்படி இருக்கும். கடிதமும் கணக்கும் அதுவே. மனைவி கைநாட்டு வைப்பாள். தபால்காரரே படித்தும் சொல்வார். தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். தீபாவளிக்கு அவருக்கும் இனாம் உண்டு.

வந்த பணம் எங்கே போனது? முதலில் வட்டிக்காரர். அடுத்து கடைப் பாக்கி. நிலம் வாங்கியவர்கள் சிலரே. ஆனால் வேறொன்று நடந்தது. நாளைக்குக் கஞ்சி உண்டு என்று ஆனதும், பண்ணையார் சொன்ன கூலிக்கு "கட்டாது" என்று சொல்லும் தைரியம் வீட்டிலிருந்த பெண்ணுக்கு வந்தது. "களை பறிக்க ஆள் இல்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் இதுவும் உண்டு.

கார்டு யார் கையில்?

2015-ல் பழைய காகித மணியார்டருக்கு அஞ்சல் துறை விடை கொடுத்துவிட்டது. இப்போது மும்பையில் செல்போனைத் தட்டினால் நொடியில் பணம் ஊர் போய்ச் சேருகிறது. கமிஷன் இல்லை. லாபம்தான்.

ஆனால் தபால்காரர், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உரியவர் கையில் பணத்தை எண்ணிக் கொடுத்தார். இன்றோ சில வீடுகளில் பணம் விழுவது அண்ணன் கணக்கில், அல்லது மைத்துனர் கணக்கில். காட்டு வேலை முடிந்து வரும் மனைவி, "பணம் வந்துச்சா?" என்று அவர்களிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூச்சம், கேட்டால் சண்டை.

2014-ல் வந்த ஜன்தன் திட்டத்தில், குறைந்தபட்ச இருப்பு இல்லாமலே கணக்குத் தொடங்கலாம். மனைவி பெயரில் ஒன்று தொடங்குங்கள். கார்டும் ரகசிய எண்ணும் அவர் கையிலேயே இருக்கட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஏ.டி.எம். மெஷினில் ஒரு தடவை கூட நின்று அவரையே எடுக்கச் சொல்லுங்கள். வட்டிக்காரருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் சீட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அசலில் எவ்வளவு கழிந்தது என்பது, மும்பையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?