காசும் மானமும்

நிறபேதம் சட்டப் புத்தகத்தில் மாத்திரம் வாழ்வதன்று; அவமதிக்கப்படுவோர் தரும் காசிலும் அது பிழைக்கிறது. அமெரிக்காவில் மாண்ட்கமரி நகரத்துக் கறுப்பு மக்கள் இதை உணர்ந்தார்கள். வெள்ளையருக்கு ஆசனம் விட மறுத்த ஸ்ரீமதி ரோஸா பார்க்ஸ் 1955 டிசம்பர் 1-ந் தேதி கைதானதும், அவர்கள் பஸ்களைப் பகிஷ்கரித்தனர். கறுப்பு டாக்ஸிக்காரர்கள் பஸ் கட்டணமாகிய 10 சென்டுக்கே ஜனங்களை ஏற்றிச் சென்றனர். அதிகாரிகள் அதைத் தடுக்கவே, சொந்த மோட்டார் வைத்திருந்தோர் முன்வந்தனர். சமையல் தொழில் செய்த ஸ்ரீமதி ஜார்ஜியா கில்மோர் பலகாரம் விற்று நிதி சேர்த்தளித்தார். 381 நாட்களுக்குப் பின், சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி, பஸ்களில் பேதம் ஒழிந்தது.

பகிஷ்காரமென்று முழங்குவது எளிது. ஆனால் பகிஷ்கரித்தவன் மறுநாள் வேலைக்குச் செல்ல வண்டி வேண்டாமா? மேடையில் முழங்கியவருக்குச் சற்றும் குறையாத கீர்த்தி, அவ்வண்டியை ஓட்டியவனுக்கும் உரியதென்போம்.